கோல் அடித்த இடது ஃபுல்பேக்: ஜாச்சின்டோ ஃபக்கெட்டியின் இன்டர் மிலான் வாழ்க்கை

ஒரே கிளப்பில் தொடக்கம் முதல் ஓய்வு வரை ஆடியவர், ஃபுல்பேக்காக, அதாவது தற்காப்பு வரிசையின் ஓரத்தில், நின்றுகொண்டே முன்கள வீரரைப் போலக் கோல் அடித்தவர் என்று யாரைச் சொல்லலாம், அத்தனை கோல்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்பது கேள்வி. இந்த இரண்டு தகுதிகளும் ஒருசேரப் பொருந்துபவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் நான் முதலில் வைப்பது இத்தாலியின் ஜாச்சின்டோ ஃபக்கெட்டியை. 1961 முதல் 1978 வரை இன்டர் மிலானுக்கு மட்டுமே ஆடிய அவர், எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 634 ஆட்டங்களில் 75 கோல்கள் அடித்தார். அவற்றுள் இத்தாலியின் முதல்நிலைப் போட்டியான சீரி ஏ லீக்கில் மட்டும் 476 ஆட்டங்களில் 59 கோல்கள், அதாவது ஏறத்தாழ எட்டு ஆட்டங்களுக்கு ஒன்று. பெனால்டி உதைக்கும் பொறுப்பு அவருடையதல்ல என்பதையும், இத்தாலிய லீக்கில் கோல்கள் அரிதாகவே விழுந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணிக்கையின் கனம் தெரியும். அதே நகரத்தின் மற்றொரு கிளப்பான ஏசி மிலானில் வாழ்நாள் முழுவதும் ஆடிய பவுலோ மல்டினி, பலருடைய கணக்கில் உலகின் மிகச் சிறந்த இடது ஃபுல்பேக். அவர் 647 லீக் ஆட்டங்களில் அடித்தவை 29 கோல்கள்.

ஃபக்கெட்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய உடல்வாகையே பேசுவார்கள். 188 சென்டிமீட்டர் உயரம், ஓட்டப்பந்தய வீரரின் வேகம், நீண்ட எட்டு, இரண்டு காலாலும் உதைக்கும் திறன். இவை யாவும் உண்மையே. ஆனால் இவை மட்டுமே காரணம் என்றால், இத்தாலிய தேசிய அணிக்கு 94 ஆட்டங்கள் ஆடிய அதே மனிதர் அங்கே வெறும் மூன்று கோல்களோடு நின்றது ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. கால்கள் அவைதான், வேகமும் அதேதான். மாறியது அவரைச் சுற்றி நின்ற அணியின் அமைப்பு. இன்டர் மிலானில் அவருடைய இடது ஓரம் அவருக்காகவே திறந்துவிடப்பட்டிருந்தது. அவர் அடித்த கோல்களின் விளக்கத்தை அந்த அமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அவர் 1942 ஜூலை 18 அன்று, லொம்பார்டி மாநிலத்தில் பெர்கமோவுக்கு அருகிலுள்ள ட்ரெவீல்யோ என்னும் ஊரில் பிறந்தார். உள்ளூர் அணியான ட்ரெவீல்யேசேயில் ஆடியபோது அவர் முன்கள வீரர். பள்ளிப் பருவத்தில் குறுந்தொலைவு ஓட்டமும் ஓடியவர். 1960-இல் பார்சிலோனாவிலிருந்து இன்டருக்குப் பயிற்சியாளராக வந்த ஹெலேனியோ ஹெரேரா, இந்த உயரமான இளைஞனை முன்னால் நிறுத்தாமல் இடது ஃபுல்பேக்காகப் பின்னால் நிறுத்தினார். 1961 மே 21 அன்று ரோம் நகரில் ரோமா அணிக்கு எதிராக, பதினெட்டு வயதில், சீரி ஏ லீக்கில் அவர் முதன்முதலாகக் களமிறங்கினார். தொடக்க நாட்களில் ஹெரேரா அவருடைய பெயரைத் தவறாகப் பிடித்துக்கொண்டு ‘சிப்பெல்லெட்டி’ என்று அழைத்ததாகவும், அதிலிருந்து சக வீரர்களுக்கு அவர் கடைசி வரை ‘சிப்பே’ ஆகிவிட்டதாகவும் சொல்வார்கள். ஆளின் பெயரை மறந்தாலும், ஆளை எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் ஹெரேராவுக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

அந்த அணி ஆடிய முறைக்குக் கட்டெனாச்சோ என்று பெயர். எதிரணியின் ஒவ்வொரு முன்கள வீரருக்கும் ஒரு காவலர். அந்தக் காவலர்கள் அனைவருக்கும் பின்னால், யாரையும் குறிப்பாகப் பின்தொடராமல், தப்பி வரும் பந்தைத் துடைத்தெடுக்க லிபரோ என்ற ஒருவர். கால்பந்தின் வரலாற்றில் மிகவும் வசைபாடப்பட்ட ஆட்டமுறை இதுவாகத்தான் இருக்கும். ஹெரேரா இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவே இல்லை. தம்மைப் பின்பற்றியவர்கள் லிபரோவை மட்டும் எடுத்துக்கொண்டு, தம்முடைய ஃபுல்பேக் முன்கள வீரர் அளவுக்குக் கோல் அடித்தார் என்பதை மறந்துவிட்டார்கள் என்பதே அவருடைய வாதம். அது வெறும் சமாளிப்பு அல்ல. அன்றைய இன்டரின் பதினொரு பேரையும் ஒரு தாளில் நிறுத்திப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும்.

வலது பக்கம் டார்சீசியோ புர்னிச். அவர் ஃபுல்பேக் என்று பெயர்பெற்றாலும் ஆளைப் பிடித்துக் காப்பதே அவருடைய வேலை, எனவே பெரும்பாலும் இடத்தை விட்டு நகர மாட்டார். நடுவில் ஆரிஸ்டிதே குவார்னெரி, அவருக்குப் பின்னால் லிபரோவாக கேப்டன் ஆர்மாந்தோ பிக்கி. ஆக, ஃபக்கெட்டி முன்னேறிச் சென்றாலும் பின்னால் மூன்று பேர் எப்போதும் இருந்தார்கள். நடுக்களத்தில் கியான்ஃபிராங்கோ பெதின் போன்றவர்கள் ஓடி ஓடி ஓட்டையை அடைக்க, லூயிஸ் சுவாரெஸ் நீண்ட பாஸ்களால் ஆட்டத்தை நடத்தினார். வலது ஓரத்தில் பிரேசிலின் ஜாயிர் உண்மையான விங்கராக, அதாவது ஓரத் தாக்குதல் வீரராக, எல்லைக்கோட்டை ஒட்டி ஓடினார். இடது ஓரத்தில் பதினொன்றாம் எண்ணை அணிந்தவர் மாரியோ கோர்சோ. பெயருக்குத்தான் அவர் விங்கர். அபாரமான இடது கால் கொண்ட அவர் ஓட்டத்தில் மந்தமானவர், பந்தைத் தேடி உள்ளே நகர்ந்து நடுக்களத்தில் நின்றுவிடுவதே அவர் வழக்கம். அவர் உள்ளே போனதும் எதிரணியின் வலது ஃபுல்பேக்கிற்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி. கோர்சோவைத் தொடர்ந்து உள்ளே போனால் ஓரம் முழுவதும் காலியாகும். போகாமல் நின்றால் கோர்சோவுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். பெரும்பாலான அணிகள் கோர்சோவுக்கு அஞ்சி உள்ளே போயின. அந்தக் காலியிடத்தில்தான் ஐம்பது அறுபது மீட்டர் ஓடி ஃபக்கெட்டி வந்து சேர்ந்தார்.

அவரைத் தடுக்க வேண்டியவர் எதிரணியின் வலது விங்கர். அன்றைய விங்கருக்குப் பின்னோக்கி ஓடிப் பழக்கமில்லை. கோல் அடிப்பதற்கு வழி செய்வதுதான் அவருக்குக் கற்பிக்கப்பட்ட வேலை. ஆகவே அவர் ஃபக்கெட்டியோடு ஓடிவந்தால் தாக்குதலில் ஓர் ஆள் குறைவார், ஓடிவராவிட்டால் கோல். ஃபக்கெட்டியின் முன்னேற்றம் ஒருவகையில் தற்காப்பும்கூட என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மேலும், அவர் இயல்பில் வலது காலாளர். எனவே எல்லைக்கோடு வரை போய் கிராஸ் அடிப்பதோடு நிற்காமல், உள்ளே வெட்டி வலது காலால் உதைக்கவும் அவரால் முடிந்தது. இன்று இடது விங்கர்கள் பலர் செய்வதை அவர் பின்வரிசையிலிருந்து கிளம்பிச் செய்தார்.

இதன் உச்சம் 1965–66 பருவம். 34 சுற்றுகள் கொண்ட அந்த லீக்கில் ஃபக்கெட்டி 10 கோல்கள் அடித்தார். இன்டர் பட்டம் வென்றது. தற்காப்பு வீரர் ஒருவர் சீரி ஏ லீக்கின் ஒரே பருவத்தில் இரட்டை இலக்கத்தைத் தொட்டது அன்று கேள்விப்படாத செய்தி. அந்தச் சாதனை இருபது ஆண்டுகள் நின்றது. 1985–86-இல் ஃபியோரென்டினாவின் அர்ஜென்டினா வீரர் டேனியல் பாசரெல்லா 11 கோல்கள் அடித்து அதைக் கடந்தார். பிறகு 2000–01-இல் பெருஜியாவுக்கு ஆடிய மார்கோ மடெராட்சி 12 அடித்தார். இருவருமே நடுத் தற்காப்பு வீரர்கள்; ஃபுல்பேக்குகள் அல்லர். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாதனையைச் செய்த உடனேயே இருவரையும் இன்டர் தன் அணிக்கு வாங்கிக்கொண்டது.

ஒரே ஒரு கோலைப் பார்த்து அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், 1965 மே 12 அன்று சான் சிரோ அரங்கில் லிவர்பூலுக்கு எதிராக அடித்ததைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி அது. முதல் ஆட்டத்தில் ஆன்ஃபீல்டில் 3–1 என்று இன்டர் தோற்றிருந்தது. மிலானில் எட்டாவது நிமிடம் கோர்சோ அடித்த ஃப்ரீ கிக் நேராக வலைக்குள் போனது. அது நேரடியாகக் கோலாக்கக் கூடாத மறைமுக ஃப்ரீ கிக் என்று லிவர்பூல் தரப்பு வாதிட்டது. அடுத்த நிமிடமே, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு உதைக்கத் தயாரான கோல்கீப்பர் டாமி லாரன்சின் பின்னாலிருந்து வந்த ஹோவாக்கின் பெய்ரோ அதைக் காலால் தட்டிப் பறித்து இரண்டாவது கோலைப் போட்டார். இந்த இரண்டைப் பற்றியும் லிவர்பூல் ஆதரவாளர்கள் இன்றளவும் முறையிடுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி எவரும் முறையிட முடியாது. 62-ஆவது நிமிடம், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கு 3–3 என்று சமமாக நின்றபோது, பின்வரிசையிலிருந்து கிளம்பிய ஃபக்கெட்டி தாக்குதலின் நடுவே வந்து சேர்ந்து, ஓடிவந்த வேகத்திலேயே பந்தை உதைத்து உள்ளே தள்ளினார். இறுதிக்கு இன்டரைக் கொண்டுசென்ற கோல் அதுதான். தற்காப்புக்குப் பேர்போன ஓர் அணி, கட்டாயம் வெல்ல வேண்டிய இரவில், தன் தீர்மானமான கோலை இடது ஃபுல்பேக்கிடமிருந்து பெற்றது.

இறுதியாட்டத்தில் ஜாயிரின் ஒரே கோலால் பென்ஃபிகா வீழ்ந்தது. முந்தைய ஆண்டு வியன்னாவில் ரியல் மாட்ரிட்டை 3–1 என்று வென்றதையும் சேர்த்து, தொடர்ந்து இரண்டாவது ஐரோப்பியக் கோப்பை. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அர்ஜென்டினாவின் இன்டிபெண்டியன்டே கிளப்பைத் தோற்கடித்து கண்டங்களுக்கிடையிலான கோப்பையையும் இன்டர் பெற்றது. ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரப்படும் தங்கப் பந்து விருதுக்கான 1965-ஆம் ஆண்டின் வாக்கெடுப்பில் யூசேபியோவுக்கு அடுத்து இரண்டாவது இடம் ஃபக்கெட்டிக்கு. ஆண்களுக்கான அந்த விருதை இன்றுவரை எந்த ஃபுல்பேக்கும் வென்றதில்லை. பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என்று வென்ற தற்காப்பு வீரர்கள் மூவருமே நடுவில் ஆடியவர்கள்.

இனி இத்தாலிக்காக அவர் அடித்த அந்த மூன்று கோல்களுக்கு வருவோம். தேசிய அணிக்கு 1963 மார்ச்சில் இஸ்தான்புல்லில் துருக்கிக்கு எதிராக அறிமுகமாகி, 1977 நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக விடைபெற்றார் ஃபக்கெட்டி. 94 ஆட்டங்கள் என்பது அன்றைய இத்தாலியச் சாதனை. அவற்றுள் 70 ஆட்டங்களில் அவரே கேப்டன். ஆனால் இத்தாலிக்காக இடது பக்கத்தில் அவருக்கு முன்னால் நின்றவர் பல ஆண்டுகள் ஜிஜி ரீவா. கோர்சோவைப் போல் ரீவா உள்ளே போய் நடுக்களத்தில் கரைந்துவிடுபவர் அல்லர். இடது பக்கத்திலிருந்து கோலை நோக்கி நேராகப் பாய்பவர், இத்தாலிக்கு அதிகக் கோல்கள் அடித்த சாதனையை இன்றும் வைத்திருப்பவர். அப்படி ஒருவர் முன்னால் இருக்கும்போது பின்னால் உள்ளவர் தம் இடத்தில் நின்று அவருக்குப் பந்தைக் கொடுப்பதே அறிவுடைமை. ஃபக்கெட்டி அதைத்தான் செய்தார். கிளப்பில் அவர் பெற்ற சுதந்திரம் அங்கே இல்லை. அதற்கான தேவையும் இல்லை.

முன்னேறும் ஃபுல்பேக்கின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1966 உலகக் கோப்பையில் சோவியத் யூனியனுக்கு எதிரான ஆட்டத்தில் விங்கர் சிஸ்லெங்கோ அவரைப் பெரிதும் திணறடித்தார். அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் சிஸ்லெங்கோதான். மூன்று நாட்கள் கழித்து மிடில்ஸ்பரோவில் வட கொரியாவிடம் 1–0 என்று தோற்று இத்தாலி வெளியேறியது. அந்த அவமானத்துக்குப் பிறகு கேப்டன் பொறுப்பு ஃபக்கெட்டியிடம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1968 ஜூன் 5 அன்று நேப்பிள்ஸில், ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் மறுபடியும் சோவியத் யூனியன். இத்தாலியின் ரிவேரா காயமடைந்தும் மாற்று வீரரை இறக்க விதி இடந்தராத நிலையில், கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0–0. பெனால்டி ஷூட் அவுட் இன்னும் விதிகளுக்குள் வராத காலம். நடுவரும் இரண்டு கேப்டன்களும் அரங்கின் உள்ளே போனார்கள்; நாணயம் சுண்டப்பட்டது; ஃபக்கெட்டி பூ விழும் என்றார், பூ விழுந்தது. வெளியே மூச்சைப் பிடித்துக் காத்திருந்த கூட்டத்துக்கு, அவர் மகிழ்ச்சியோடு மேலே ஓடிவந்ததுதான் முடிவை அறிவித்தது. யூகோஸ்லாவியாவுக்கு எதிரான இறுதியாட்டம் 1–1 என்று முடிந்து, மறு ஆட்டத்தில் 2–0 என்று இத்தாலி வென்றது. நாணயத்தைப் பற்றிய கதையே எங்கும் சொல்லப்படுவதால் அந்த அணியின் தற்காப்பு எவ்வளவு உறுதியானது என்பது மறைந்துபோகிறது என்ற குறை எனக்கு உண்டு.

1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசிக் கோல், என் பார்வையில், ஃபக்கெட்டியின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கும் ஒன்று. அடித்தவர் அவரல்ல என்றாலும்கூட. இத்தாலி ஆளுக்கு ஆள் காவல் முறையில் ஆடியது. ஃபக்கெட்டியின் பொறுப்பு பிரேசிலின் வலது விங்கர் ஜெயர்சின்யோ. பிரேசில் இதை அறிந்து ஜெயர்சின்யோவை அவருடைய ஓரத்தை விட்டு விலகச் செய்தது. காவலர் என்ற முறையில் ஃபக்கெட்டியும் கூடவே போக வேண்டியதாயிற்று. 86-ஆவது நிமிடத்தில் ஜெயர்சின்யோ எதிர்ப் பக்கமான இடது ஓரத்திலிருந்து உள்ளே வர, ஃபக்கெட்டி அவரைத் தொடர்ந்து தம் இடத்தை விட்டு வெகுதூரம் வந்திருந்தார். பந்து பெலேவிடம் போனது. பெலே நிதானமாக வலப்பக்கம் உருட்டிவிட்டார். ஆளே இல்லாத அந்தப் பாதையில் ஓடிவந்து உதைத்தவர் வலது ஃபுல்பேக் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ. முன்னால் இருப்பவர் உள்ளே நகர்ந்து ஓரத்தைக் காலியாக்க, பின்னாலிருப்பவர் அங்கே ஓடிவந்து கோல் அடிப்பது: கோர்சோவும் ஃபக்கெட்டியும் சான் சிரோவில் ஆண்டுக்கணக்கில் செய்தது இதையேதான். அன்று அஸ்டெகா அரங்கில் அது எதிர்த்திசையில் நடந்தது.

அடுத்து, ஒரே கிளப்பில் நிலைத்திருந்தது பற்றி. இதில் கொஞ்சம் நிதானம் தேவை. 1981-இல் இத்தாலி சட்டம் இயற்றி மாற்றும் வரை, ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரரின் பதிவு கிளப்பிடமே இருந்தது. வீரர் தம் விருப்பப்படி வேறிடம் போக வழியில்லை. ஆகவே அந்தத் தலைமுறையினர் ஒரே அணியில் இருந்ததையெல்லாம் விசுவாசம் என்ற கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும் கிளப்புகள் விற்க நினைத்தால் விற்றன என்பதும் அதே அளவு உண்மை. 1967-இல் செல்டிக்கிடம் ஐரோப்பிய இறுதியிலும், மன்டோவாவிடம் லீக்கின் கடைசி நாளிலும் தோற்ற பிறகு அந்த மகத்தான இன்டர் கலையத் தொடங்கியது. கேப்டன் பிக்கி வரேசேக்கும், குவார்னெரி போலோன்யாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1968-இல் ஹெரேரா ரோமாவுக்குப் போனார். அதே ஆண்டில் உரிமையாளர் ஆஞ்சலோ மொராட்டியும் கிளப்பைக் கைமாற்றினார். 1970-இல் சுவாரெஸ் சாம்ப்டோரியாவுக்கும், 1973-இல் கோர்சோ ஜெனோவாவுக்கும், 1974-இல் புர்னிச் நேப்பிள்ஸுக்கும் போனார்கள். எஞ்சியவர்கள் 1977-இல் ஓய்வுபெற்ற சான்ட்ரோ மட்சோலாவும் ஃபக்கெட்டியும் மட்டுமே.

அப்படி எஞ்சியதற்கு ஒரு காரணம், அவர் தம்மை மாற்றிக்கொள்ள முன்வந்தது. முப்பதைத் தாண்டி ஓட்டம் குறைந்தபோது இடது ஓரத்தை விட்டுக்கொடுத்து லிபரோ இடத்துக்குப் போனார். ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் அவருடைய பழக்கம் அங்கே கைகொடுத்தது. புதிய தலைமுறையோடு 1970–71-இல் நான்காவது லீக் பட்டம் பெற்றார். 1972-இல் ரோட்டர்டாமில் கிரைஃபின் அஜாக்ஸிடம் மூன்றாவது ஐரோப்பியக் கோப்பையை இழந்தார். நடத்தையைப் பற்றிச் சொல்வதானால், அத்தனை ஆண்டுகளில் அவர் ஒரே ஒருமுறைதான் வெளியேற்றப்பட்டார். அதுவும் யாரையும் இடறியதற்காக அல்ல. நடுவரின் தீர்ப்பைக் கேலியாகக் கைதட்டி வரவேற்றதற்காக. 1978-இல் காயத்தால் முழுத்தகுதியோடு இல்லை என்று தாமே சொல்லி, நான்காவது உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை விட்டுக்கொடுத்தார். அந்தப் பருவத்தோடு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது.

பின்னர் பல பொறுப்புகளில் இன்டரோடு இருந்து, 2004 ஜனவரியில் மாசிமோ மொராட்டிக்குப் பின் கிளப்பின் தலைவரானார். அவருடைய தலைமையில் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியக் கோப்பை வந்தது. கணையப் புற்றுநோயால் 2006 செப்டம்பர் 4 அன்று காலமானார். நடுவர் நியமன ஊழல் தொடர்பாக இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வழக்கறிஞர் 2011-இல் அளித்த அறிக்கை, இன்டர் தரப்பின் தொலைபேசி உரையாடல்களையும் குறைகூறியது. காலக்கெடு கடந்துவிட்டதால் அது விசாரணைக்கு வரவில்லை, பதில் சொல்ல அவரும் உயிரோடு இல்லை. மூன்றாம் எண் சட்டையை அவர் இறந்த ஆண்டிலேயே கிளப் நிரந்தரமாக விலக்கிவிட்டது. அப்போது அதை அணிந்திருந்த நிக்கோலாஸ் புர்டிசோ 16-க்கு மாறிக்கொண்டார். ஆட்டங்களின் எண்ணிக்கையில் பின்னாளில் பெர்கோமியும் சனெட்டியும் ஃபக்கெட்டியைக் கடந்துவிட்டார்கள். அந்த இருவரும் தற்காப்பு வரிசையில் ஆடியவர்களே, ஆனால் கோல் எண்ணிக்கையில் அவரை நெருங்கவில்லை.

இன்று இப்படி ஒருவர் வர முடியுமா என்றால், கோல்களைப் பொறுத்தவரை எளிதல்ல. இன்றைய ஃபுல்பேக் முன்னேறுவது விதிவிலக்கல்ல, விதி; ஆனால் அவருக்கு முன்னால் உள்ள விங்கர்கள் உள்ளே வெட்டிக் கோலை நோக்கி உதைப்பதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் ஃபுல்பேக்கின் பங்கு பெரும்பாலும் கடைசி பாஸோடு முடிகிறது. பின்னால் மூவர் நின்று காக்கும் அணிகளில் ஓரம் முழுவதும் ஏறி இறங்கி ஆடும் விங்பேக்குகள்தான் ஃபக்கெட்டியின் வழியில் வருபவர்கள். பின்னால் மூவர், முன்னால் காலியான ஓரம் என்ற ஏற்பாடு அங்கே அப்படியே திரும்புகிறது. செல்சியில் இத்தாலியரான அன்டோனியோ கொன்டேயின் கீழ் மார்கோஸ் அலோன்சோ 2016–17-இல் ஆறும், அடுத்த பருவத்தில் ஏழும் லீக் கோல்கள் அடித்தது அந்த ஏற்பாட்டினால்தான். ஆனால் அலோன்சோ ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி என்று பல கிளப்புகளில் ஆடியவர். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு அவர் பொருந்த மாட்டார்.